எடை குறைந்த புல்லட் புரூஃப் ஜாக்கெட்: அரசின் ஆராய்ச்சிப் பணம் எங்கே போக வேண்டும்?

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்)

2024 செப்டம்பரில் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் சேர்ந்து உருவாக்கிய 'அபேத்' ஜாக்கெட் பற்றிய செய்தி வந்தது. ஒரு வகை 8.2 கிலோ, இன்னொரு வகை 9.5 கிலோ. அதே வருடம் ஏப்ரலில் கான்பூரில் உள்ள டிஆர்டிஓவின் டிஎம்எஸ்ஆர்டிஇ ஆய்வகம், நம் தரநிலையில் மிகக் கடுமையான 6-ஆம் நிலைக் குண்டைத் தாங்கும் ஜாக்கெட்டுகளில் நாட்டிலேயே எடை குறைந்தது இதுதான் என்று ஒன்றை அறிவித்தது. 2021-இல் இதே ஆய்வகம், நடுத்தர அளவு ஜாக்கெட்டின் எடையை 10.4 கிலோவிலிருந்து 9 கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தது.

ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் எல்லோரும் கிலோவை மட்டும்தான் ஒப்பிடுகிறார்கள். எந்தக் குண்டை நிறுத்துவதற்கான எடை என்று யாரும் கேட்பதில்லை. 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டின் ஆற்றல் 500, 600 ஜூல். ஏகே ரகத் துப்பாக்கியின் 7.62×39 குண்டு சுமார் 2,000 ஜூல். கான்பூர் ஜாக்கெட் சோதிக்கப்பட்டது 7.62×54ஆர் ஏபிஐ (கவசத்தைத் துளைத்துத் தீ மூட்டும்) குண்டுக்கு எதிராக. ஸ்னைப்பர்கள் பயன்படுத்தும் அந்தக் குண்டுக்குள் கெட்டிப்படுத்திய எஃகு மையம் இருக்கும், ஆற்றல் 3,500 ஜூலைத் தாண்டும். முதல் குண்டுக்கு நூல் அடுக்கு மட்டுமே போதும், சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம். மூன்றாவதற்குப் பீங்கான் தகடு இல்லாமல் ஆகாது.

கான்பூர் அறிவிப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது பரப்பு எடைதான். உள்ளே மென்கவசத்தோடு (நூல் அடுக்குகளால் ஆன கவசம்) சேர்த்து அணியும் தகடு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்குக் கீழ், தனியாக அணியும் தகடு 43 கிலோவுக்குக் கீழ். கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் கொண்ட தகடு என்றால் பரப்பு 0.075 சதுர மீட்டர், எடை 3 கிலோ. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றால் 6 கிலோ ஆகிவிட்டது. மென்கவசம், உறை, கழுத்துப் பகுதி, பக்கவாட்டு எல்லாம் மீதி எடைக்குள் அடங்க வேண்டும். ஆக, எடையைக் குறைப்பது என்றால் பெரும்பாலும் தகட்டைக் குறைப்பதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்கெட்டைத் தைக்க அரசு ஆய்வகம் தேவையில்லை, அதற்குத் தனியார் ஆலைகள் இருக்கின்றன. பொதுப்பணம் போக வேண்டியது நூல், பீங்கான் பொடி, சோதனை ஆகிய மூன்றுக்கும். மூன்றாவதுக்கு நாம் கொடுக்கும் கவனம் மிகக் குறைவு என்று நினைக்கிறேன். துறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

பழைய ஹவில்தார்

காலாட்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆய்வகத்தைப் பற்றி எனக்குத் தெரியாது, போட்டுக்கொண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

எடை தோளில்தான் தெரியும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். குப்புறப் படுத்துச் சுடும்போதுதான் அது உண்மையாகத் தெரியும். படுத்தவுடன் ஜாக்கெட்டின் பின்புற மேல்விளிம்பு ஏறி ஹெல்மெட்டின் பின்பக்கத்தை முட்டும். ஹெல்மெட் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். ஒரு கையால் அதைத் தூக்கிவிட்டு மறுபடி குறி பார்க்க வேண்டும். தோளில் துப்பாக்கிக் கட்டை உட்காரும் இடத்தில் உறைத்துணி வழவழப்பாக இருந்தால் கட்டை நழுவும். இதெல்லாம் தராசில் வராது.

தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. மேலே ஏற வேண்டிய நாளில் பின் தகடு முதலில் போகும். குற்றம் சொல்ல மாட்டேன், மூச்சு வாங்கி நிற்கிறவனால் சண்டை போட முடியாது. அதனால் 10.4-இல் இருந்து 9 என்றால் அது சின்ன விஷயம் இல்லை. நிரப்பிய ஒரு மேகசினும் ஒரு தண்ணீர் பாட்டிலும் அந்த எடைதான் வரும். குறைத்த எடையை அப்படியே விட்டுவைக்க மாட்டோம், அதில் தோட்டா ஏற்றிக்கொள்வோம். அப்போதும் அது எங்களுக்கு லாபம்தான்.

---

சூளைமேட்டான்

பீங்கான் பொருள்களில் வேலை பார்க்கிறேன், ராணுவத் துறையில் இல்லை. தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், இந்த விஷயத்தின் உயிர்நாடியே அதுதான்.

பீங்கான் குண்டைப் 'பிடிப்பதில்லை'. குண்டின் எஃகு மையத்தைவிடப் பல மடங்கு கடினமாக இருப்பதால் அதன் முனையை நொறுக்குகிறது, வேகத்தைத் தின்கிறது, தானும் உடைகிறது. உடையும்போது பின்பக்கம் நோக்கிக் கூம்பு வடிவில் விரிசல் பரவும். அதனால் ஒரு புள்ளியில் இறங்க வேண்டிய அடி அகலமான வட்டத்தில் பரவுகிறது. பின்னால் ஒட்டியிருக்கும் பாலிமர் அடுக்கு அந்தத் துண்டுகளை எல்லாம் ஏந்திக்கொள்கிறது. பின்னடுக்கு இல்லாத பீங்கான் தகட்டால் எந்தப் பயனும் இல்லை.

இப்போது எடைக்கு வருவோம். கவசத்துக்குப் பயன்படும் அலுமினா கன செ.மீ.க்கு ஏறத்தாழ 3.9 கிராம், சிலிக்கன் கார்பைடு 3.2, போரான் கார்பைடு 2.5. கடினத்திலும் போரான் கார்பைடுதான் மேலே. வைரத்துக்கும் கனசதுர போரான் நைட்ரைடுக்கும் அடுத்த வரிசையில் நிற்கும் பொருள். அப்படியென்றால் எல்லோரும் அதையே செய்யலாமே என்றால், செய்வதுதான் கஷ்டம். அதன் பொடி சுலபத்தில் ஒன்றோடொன்று ஒட்டாது. கிராஃபைட் அச்சுக்குள் பொடியைப் போட்டு 2,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, கூடவே அழுத்த வேண்டும். உள்ளே நுண்துளை மிஞ்சினால் தகடு அந்த இடத்தில் தோற்றுவிடும். உலை, அச்சு, மின்சாரம் எல்லாமே செலவு. அறுப்பதும் தேய்ப்பதும் வைரக் கருவியால்தான்.

இதில் இந்தியாவுக்கு ஒரு பழைய பலம் இருக்கிறது. போரான் கார்பைடு நியூட்ரானை உறிஞ்சும். நம் கல்பாக்கத்தில் உள்ள வேக ஈனுலை என்ற அணு உலையின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் இருப்பதும் இதே பொருள்தான். அணுசக்தித் துறைக்கு இந்தப் பொடியோடு நீண்ட காலப் பழக்கம் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'பாபா கவச்' ஜாக்கெட் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது. அதை ஹைதராபாத்தில் உள்ள மிதானி என்ற அரசு நிறுவனம் தயாரிக்கிறது. அபேத் ஜாக்கெட்டிலும் உள்நாட்டு போரான் கார்பைடுதான். உலைக்காகச் செலவிட்ட ஆராய்ச்சிப் பணம் இருபது, முப்பது வருடம் கழித்து ஒரு சிப்பாயின் நெஞ்சுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அடிப்படை ஆராய்ச்சிக்கு ஏன் காசு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆனால் போரான் கார்பைடுக்கு ஒரு பலவீனம் உண்டு. அடியின் அழுத்தம் சுமார் 20 கிகாபாஸ்கலைத் தாண்டினால் அது எதிர்பார்த்த அளவுக்குத் தாங்குவதில்லை. ஏன் என்று வெகுநாள் புரியவில்லை. 2003-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் சேர்ந்து குண்டடி பட்ட துண்டுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். படிக அமைப்புக்குள் சில நானோமீட்டர் அகலமே உள்ள பட்டைகளில் ஒழுங்கு குலைந்து கண்ணாடிபோல் ஆகியிருந்தது. அந்தப் பட்டை வழியாகத்தான் பொருள் விட்டுக்கொடுக்கிறது. அப்புறம் 2012-இல் தொடங்கி பத்து வருடம், 90 மில்லியன் டாலர் வரை ஒதுக்கீட்டில், அதே ராணுவ ஆய்வகத்தின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தலைமையில் ஒரு கூட்டு ஆராய்ச்சி நடந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் போரான் கார்பைடும் ஒன்று. அந்தப் பணம் ஜாக்கெட் செய்யப் போகவில்லை. ஒரு பொருள் எப்படி உடைகிறது என்று தெரிந்துகொள்ளப் போனது.

---

வரிகட்டுபவன்

> பொதுப்பணம் போக வேண்டியது நூல், பீங்கான் பொடி, சோதனை ஆகிய மூன்றுக்கும்

மறுக்கிறேன். ராணுவத்துக்கு 1,86,138 ஜாக்கெட் வேண்டும் என்று 2009-இல் ஒப்புதல் கிடைத்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஏப்ரலில், 639 கோடி ரூபாய்க்கு. நடுவில் 2016-இல் அவசரத்துக்கு 50,000 வாங்கினார்கள். ஒன்பது வருடம் நம் ஆட்கள் பழைய ஜாக்கெட்டில் நின்றார்கள். நல்ல பொருள் உலகச் சந்தையில் இருக்கும்போது ஆராய்ச்சி என்று காத்திருப்பது உயிரோடு விளையாடுவது. முதலில் வாங்கிக் கொடுங்கள், ஆராய்ச்சியை அப்புறம் பார்க்கலாம்.

அமெரிக்காவிலும் ஆராய்ச்சி என்றால் எல்லாம் வெற்றி இல்லை. அவர்களுடைய சிறப்புப் படைக் கட்டளையகம் 2013-இல் 'டாலோஸ்' என்று தலை முதல் கால் வரை மூடும் இயந்திரக் கவச உடையை அறிவித்தது. 2019-இல் அந்த முழு உடை வராது என்று கைவிட்டார்கள்.

---

கரிசல்மண்

வரிகட்டுபவன், அந்த ஒன்பது வருடக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தத் தாமதத்துக்குக் காரணம் ஆராய்ச்சிக்காகக் காத்திருந்தது அல்ல. டெண்டருக்கு வந்த மாதிரிகள் சோதனையில் தேறாமல் போயின, மறுபடி டெண்டர் போட்டார்கள். நமக்கென்று ஒரு தேசியத் தரநிலைகூட அப்போது கிடையாது. ஐஎஸ் 17051 வந்ததே 2018-இல்தான். எதைச் சோதிப்பது, எப்படிச் சோதிப்பது என்று எழுதி வைத்திருந்தால் வாங்குவதும் வேகமாக நடந்திருக்கும்.

இதற்கு அமெரிக்கப் போலீஸ் கவசத்தின் கதையைப் பாருங்கள். டியூபாண்ட் கம்பெனியில் ஸ்டெஃபனி குவோலெக் 1965-இல் கண்டறிந்த பாலிமரிலிருந்து வந்ததுதான் கெவ்லார். கம்பெனி தேடியது குண்டைத் தடுக்கும் நூலை அல்ல, டயருக்குள் எஃகுக் கம்பிக்குப் பதில் போடும் எடை குறைந்த நூலை. அவர் தயாரித்த கரைசல் கலங்கலாகவும் தண்ணீர்போலவும் இருந்தது. நூற்கும் இயந்திரத்தின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று அதை இயக்குபவர் முதலில் நூற்கவே மறுத்தார். குவோலெக் விடாமல் கேட்டு நூற்க வைத்தார்.

அந்த நூலைப் போலீஸ்காரர் உடம்புக்குக் கொண்டுவந்தவர் ஓர் அரசு அதிகாரி, லெஸ்டர் ஷூபின். அமெரிக்க நீதித் துறையின் ஆய்வு அமைப்பான தேசிய நீதி நிறுவனத்தின் முன்னோடி அமைப்பில் இருந்தவர். 1970-களின் தொடக்கத்தில் அவரும் ராணுவ ஆய்வகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் மாண்டனரெல்லியும் கெவ்லார் துணியை டெலிபோன் டைரக்டரி மேல் மடித்து வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். குண்டு உள்ளே போகவில்லை. அதோடு நிற்காமல் ஆடுகள் மேல் சோதனை, பின்பக்கம் எவ்வளவு குழி விழுந்தால் உள்ளுறுப்பு தாங்கும் என்ற அளவீடு, அப்புறம் 15 நகரங்களில் 5,000 உடைகளைக் கொடுத்துக் களச் சோதனை. 1975 டிசம்பரில் சியாட்டிலில் ஒரு கடைக்கொள்ளையில் சுடப்பட்ட போலீஸ்காரர் இந்த உடையால் பிழைத்தார். அதற்குப் பிறகு அங்கே கவச உடையால் பிழைத்த போலீஸ்காரர்கள் 3,000 பேருக்கு மேல்.

அரசு போட்ட பணம் சில மில்லியன் டாலர்தான். நூலைக் கண்டுபிடித்தது தனியார். அது உயிரைக் காக்கும் என்று நிரூபித்ததும், தரநிலை எழுதியதும், அந்தத் தரநிலையை நம்பி ஒரு சந்தை உருவாக இடம் கொடுத்ததும் அரசு.

---

மாணவி திருச்சி

பொருளியல் பொறியியல் படிக்கிறேன். திரவக் கவசம் என்று படித்தேன், அடி விழும்போது கெட்டியாகும் திரவத்தைத் துணியில் ஊற்றுவது. சிலந்தி நூல் பற்றியும் படித்தேன். இவை ஏன் இன்னும் ஜாக்கெட்டில் வரவில்லை?

---

சூளைமேட்டான்

திரவக் கவசம் டெலவேர் பல்கலைக்கழகத்தில் நார்மன் வாக்னர் குழுவும் அமெரிக்க ராணுவ ஆய்வகமும் செய்தது. பாலிஎத்திலீன் கிளைகால் என்ற திரவத்தில் சிலிக்கா நானோ துகள்களைக் கலந்து கெவ்லாரில் ஊற வைப்பார்கள். மெதுவாக அசைத்தால் வளையும், திடீரென்று குத்தினால் துகள்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இறுகும். நூல் நழுவி வழிவிடுவதை அது தடுக்கிறது. ஊசி, கூர்முனை போன்றவற்றுக்கு எதிராக நல்ல பலன் உண்டு. ஆனால் ரைஃபிள் குண்டின் எஃகு மையத்தை நொறுக்க அதற்குக் கடினம் போதாது. தகட்டின் வேலையைத் திரவத்திடம் கேட்க முடியாது.

சிலந்தி நூல் இழுத்தால் நிறைய ஆற்றலை வாங்கிக்கொள்ளும், ஆனால் அதிகமாக நீளும். கவசத்தில் நூல் நீண்டால் குண்டு நின்றாலும் விலா எலும்பு உடையும். கட்டுக்கட்டாகச் செய்வதும் இன்னும் சிரமம்தான்.

---

தறிச்சத்தம்

கோவையிலிருந்து. தொழில்நுட்ப ஜவுளி நெய்கிறோம். நூல் பற்றி யாரும் இன்னும் விரிவாகச் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

அராமிட் (கெவ்லார் வகை நூல்) துணியைச் சாதாரணக் கத்தரிக்கோலால் வெட்டிப் பாருங்கள். வெட்டாது, மெல்லும். நூல் நூலாகப் பிரிந்து பல்லிடுக்கில் சிக்கிக்கொள்ளும். பல்வெட்டு உள்ள கத்தரிக்கோல் தனியாக வேண்டும், அதுவும் சீக்கிரம் மழுங்கிவிடும். தறியில் வேறு பிரச்சினை. பாவும் ஊடையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்கும்போது நூல் வளைகிறது. வளைந்த நூலில் குண்டடி விழுந்தால் முதலில் வளைவு நிமிர்ந்துவிட்டுத்தான் இழுவிசை வரும். அந்த நேரத்தில் குண்டு உள்ளே போய்விடும். அதனால்தான் இப்போது நெய்யாமலேயே நூல்களை ஒரே திசையில் அடுக்கிப் பிசின் போட்டு, அடுத்த அடுக்கைக் குறுக்காக வைத்து அழுத்துகிறார்கள். எங்களைப் போன்ற தறிக்காரர்களுக்கு இது கசப்பான உண்மை, ஆனால் உண்மை.

தகட்டின் பின்னடுக்கில் பெரும்பாலும் இருப்பது மிகையான மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன். பிளாஸ்டிக் குடத்தில் இருக்கும் அதே பாலிமர் வகை, சங்கிலி மட்டும் பல மடங்கு நீளம். தண்ணீரில் மிதக்கும், அடர்த்தி 0.97. கெவ்லார் 1.44. இதை நூலாக்கும் முறையை நெதர்லாந்தின் டிஎஸ்எம் கம்பெனியில் 1970-களின் கடைசியில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் கண்டுபிடித்தார்கள். பாலிமரைக் கரைப்பானில் கரைத்து, கூழாக நூற்று, பிறகு பல மடங்கு இழுப்பது. இழுக்க இழுக்கச் சங்கிலிகள் எல்லாம் நேராக நிற்கும்.

இங்கேதான் நம் வண்டி நிற்கிறது. தகட்டுப் பீங்கான் நம்முடையது, தையல் நம்முடையது, ஆனால் இந்த உயர்ரக நூலுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டைப் பார்க்கிறோம். சீனாவிலிருந்து வரும் மூலப்பொருள் கவச உடையில் வேண்டாம் என்று 2020 ஜூனில் நிதி ஆயோக் உறுப்பினர் வி. கே. சாரஸ்வத்தே பேச வேண்டி வந்தது. அது கல்வான் மோதல் நடந்த மாதம். எல்லையில் எதிரே நிற்பவனிடம் நூல் வாங்கி நெஞ்சுக்குக் கவசம் செய்ய முடியுமா? அதே வருடம் 1,480 கோடி ரூபாயில் தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கம் அறிவிக்கப்பட்டது. அதில் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியதில் பெரும்பகுதி நூலுக்கே போக வேண்டும் என்பது என் வாதம். துணி நெய்ய ஆள் இருக்கிறது, பூச்சு பூச ஆள் இருக்கிறது. பாலிமர் உலையிலிருந்து நூல் வரைக்கும் உள்ள அந்த நடுப்பகுதியில்தான் ஆள் குறைவு. அதைச் சிறு முதலாளி செய்ய முடியாது, வருடக்கணக்கில் நஷ்டம் தாங்க வேண்டும். அரசு கை கொடுக்காமல் நகராது.

---

வரிகட்டுபவன்

தறிச்சத்தம் சொன்ன நூல் விஷயத்தை ஏற்கிறேன். வெளியே வாங்கு என்று நான் சொன்னது நட்பு நாடுகளிடம்தான், ஆனால் சண்டை வந்தால் எந்தக் கப்பல் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. சரி. ஆனாலும் கேட்கிறேன், அரசு ஆய்வகத்தில் தேறியது களத்தில் தேறும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

---

கரிசல்மண்

நல்ல கேள்வி. சோதனைக்குக் காசு வேண்டும் என்று நான் கத்துவது இதற்காகத்தான். ஜைலான் கதையைச் சொல்கிறேன்.

ஜைலான் ஜப்பானின் டொயோபோ தயாரித்த நூல். இழுவலிமை கெவ்லாரைவிட மிக அதிகம். 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் இதை வைத்து மெல்லிய, எடை குறைந்த போலீஸ் உடைகள் வந்தன. புதிதாக இருக்கும்போது எல்லாச் சோதனையிலும் தேறின. போலீஸ்காரர்கள் விரும்பி வாங்கினார்கள், எடை குறைவு என்பதால் நாள் முழுக்கப் போட்டுக்கொள்ள முடிந்தது. 2003 ஜூனில் பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் ஒரு போலீஸ்காரர் மேல் சுட்ட குண்டு, அந்த உடை தடுத்திருக்க வேண்டிய குண்டு, உடையைத் துளைத்துக்கொண்டு போனது. தேசிய நீதி நிறுவனம் பயன்படுத்திய உடைகளை வரவழைத்துச் சோதித்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்த நூலின் மூலக்கூறையே உடைத்திருந்தன. வியர்வையில் ஊறும் ஓர் உடைக்கு ஈரம் பட்டால் பலம் போகும் நூல்! 2005 ஆகஸ்டில் ஜைலான் உடைகளுக்கு அங்கீகாரம் நிறுத்தப்பட்டது. 2018-இல் டொயோபோ 66 மில்லியன் டாலர் கொடுத்து அமெரிக்க அரசின் வழக்கைத் தீர்த்துக்கொண்டது.

இதன் பிறகு வந்த 2008 தரநிலையில், சுடுவதற்கு முன்பே மென்கவசத்தை 65 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில், உருளும் பெட்டிக்குள் பத்து நாள் புரட்டி எடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். சில வருடப் பயன்பாட்டுத் தேய்மானத்தை ஓரளவு முன்கூட்டியே வரவழைத்துப் பார்க்கும் முயற்சி. இது எந்தக் கம்பெனியும் தானாக முன்வந்து செய்யும் காரியமில்லை. அரசுதான் செய்ய முடியும், செய்ய வைக்கவும் முடியும்.

---

பழைய ஹவில்தார்

இதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ராஜஸ்தானில் மே மாதம் வண்டிக்குள் ஜாக்கெட் கிடக்கும். உள்ளே கை வைக்க முடியாது, இரும்பு சுடும். தறிச்சத்தம் சொல்லும் அந்தப் பாலிஎத்திலீன் அந்தச் சூட்டைத் தாங்குமா? இன்னொன்று, தகட்டைத் தரையில் போடாதே என்று சொல்வார்கள். ஆனால் லாரியிலிருந்து இறக்கும்போது விழத்தான் செய்யும். வெளியே கீறல்கூட இருக்காது. உள்ளே உடைந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

---

சூளைமேட்டான்

ஹவில்தார் ஐயா, இரண்டும் மிகச் சரியான பயம்.

பாலிஎத்திலீன் நூல் 145, 150 டிகிரியில்தான் உருகும். ஆனால் அதற்கு வெகு முன்பே, 80 டிகிரியை நெருங்கும்போதே வலிமை குறையத் தொடங்கும். வெயிலில் மூடிய வண்டிக்குள் டேஷ்போர்டுமேல் அந்த எல்லை வெகு தூரம் இல்லை. ஒரு மதியத்தில் பாழாகாது, வருடக்கணக்கில் என்றால் சேரும். வண்டியில் விட்டாக வேண்டும் என்றால் நேர் வெயில் படாமல் இருக்கைக்குக் கீழே வையுங்கள்.

தகட்டுக்கு எக்ஸ்ரே போன்ற கருவிச் சோதனைதான் வழி. உறை மூடியிருப்பதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க ராணுவம் தகடுகளை எக்ஸ்ரே இயந்திரம் வழியே அனுப்பி, விரிசல் கண்டவற்றை ஒதுக்குகிறது. அவர்களின் 2008 தரநிலையில் தகட்டைச் சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்ட பிறகே சுட்டுச் சோதிக்க வேண்டும். நம் படைப்பிரிவுகள் எல்லாவற்றுக்கும் அருகில் அப்படி ஓர் எக்ஸ்ரே இயந்திரம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. புதுத் தகடு ஆராய்ச்சிக்குக் கொடுப்பதில் சிறு பங்கு போதும்.

---

மாணவி திருச்சி

நன்றி சார். இன்னொரு விஷயமும் சேர்க்கலாமா? தகடும் மென்கவசமும் ஆண் உடம்பை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. பெண்கள் போட்டால் மார்புப் பகுதியில் உடை விலகி நிற்கும், அக்குளில் இடைவெளி வரும். வளைவுக்காக மடித்துத் தைத்த இடத்தில் நூல் அடுக்கும் மாறும். அமெரிக்காவில் 2023-இல் வந்த புதிய தரநிலை பெண்களுக்கான உடையைச் சோதிக்கத் தனி முறைகளைச் சேர்த்திருக்கிறது. நம் மத்தியப் படைகளிலும் போலீஸிலும் பெண்கள் அதிகமாகி வருகிறார்கள். பல திசையில் வளைந்த போரான் கார்பைடு தகட்டை அழுத்திச் செய்வது எவ்வளவு கஷ்டம்?

---

சூளைமேட்டான்

கஷ்டம்தான். தட்டையாக இருந்தால் ஒரே அச்சில் பல தகடுகளை அடுக்கிச் சுடலாம். வளைவு கூடக் கூட அச்சு சிக்கலாகும், ஓரங்களில் பொடி சமமாக இறுகாது, அடர்த்தி மாறும், தேய்க்கும் செலவு ஏறும். சின்ன ஓடுகளாகச் செய்து ஒட்டினால் வளைவு சுலபம். ஆனால் இரண்டு ஓடு சேரும் கோட்டில் குண்டு விழுந்தால் பலவீனம். கான்பூர் தகடு ஒரே துண்டுப் பீங்கான், அதிலேயே ஆறு குண்டுகள் வாங்கிக் காட்டியிருக்கிறார்கள். ஒரே துண்டில் விரிசல் பரவாமல் ஆறு அடியைத் தாங்க வைப்பது பெரிய வேலை. அதையே பல வளைவுள்ள தகட்டில் செய்ய முடியுமா என்பது உங்கள் முதுகலை ஆய்வுக்கு ஏற்ற கேள்வி. பொடியின் துகள் அளவு, அச்சின் வடிவம், அடர்த்திப் பரவல் இந்த மூன்றில் இருந்து தொடங்குங்கள். கல்லூரியில் ஹாட் பிரஸ் (சூடாக்கிக்கொண்டே அழுத்தும் இயந்திரம்) இல்லையென்றால் முதலில் அலுமினாவில் செய்து பாருங்கள், அது சாதாரண உலையிலேயே சுட்டு எடுக்கக்கூடியது.

---

கரிசல்மண்

திருச்சி மாணவிக்கு இன்னொரு யோசனை. ஐஐடி டெல்லியில் இருப்பதுபோல் டிஆர்டிஓவின் தொழில்-கல்வி கூட்டு மையங்கள் வேறு கல்வி நிறுவனங்களிலும் இருக்கின்றன. சென்னை ஐஐடியிலும் உண்டு. பேராசிரியர் மூலம் அணுகுங்கள். அப்போது எடையைக் குறைக்கிறேன் என்று மட்டும் முன்மொழிவு எழுதாதீர்கள். வெயிலில், வியர்வையில், கீழே விழுந்த பிறகு ஐந்து வருடம் கழித்து அந்தத் தகடு எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஹவில்தார் ஐயா கேட்ட அந்த இரண்டு கேள்விகளை அப்படியே முன்மொழிவின் முதல் பக்கத்தில் போடலாம்.